கோடை டயரில் ஓர் இறக்கம்

என் அத்தான் காரில் ஏறுவதற்கு முன்னால் நான்கு சக்கரங்களையும் தொட்டுப் பார்ப்பார். பார்பான் என்ற மலைக்கிராமத்தில், ஹோட்டல் ஊழியர்கள் தங்குவதற்கென்று கட்டிய வீட்டின் பின்புறத்தில் கார்களை நிறுத்துவார்கள். காலையில் வேலைக்குப் புறப்படுகிறவர்கள் எல்லாரும் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டு நிற்கும்போது, அவர் மட்டும் கையுறையைக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுக் குனிவார். டயரின் பள்ளங்களுக்குள் சுட்டுவிரலை விட்டு மெதுவாக ஓட்டுவார். சிறு கல் சிக்கியிருந்தால் நகத்தால் கிளறி எடுத்து எறிவார். நான்கையும் பார்த்து முடிக்கும்போது விரல் சிவந்து போயிருக்கும். நானும் அக்காவும் சமையலறை ஜன்னலில் தேநீரோடு நின்று இதைப் பார்த்துக்கொண்டிருப்போம். "பாரன், மாட்டுக்கு லாடம் பாக்கிற மாதிரி" என்பாள் அக்கா. நான் சிரிப்பேன். அவர் நிமிர்ந்து ஜன்னலைப் பார்ப்பார். எங்கள் சிரிப்பு எதைப் பற்றியது என்று தெரிந்துகொண்டே கையை ஆட்டிவிட்டுப் போவார்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து சுவிட்சர்லாந்துக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. அக்காவின் வீட்டில்தான் தங்கினேன். அத்தான் மேலே ஒரு ஹோட்டலில் சமையற்காரர். பாத்திரம் கழுவும் வேலையில் தொடங்கி, சமையலறையில் கத்தி பிடிக்கும் இடத்துக்கு வந்தவர். நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார், ஆனால் பயந்தவர். குடும்பத்தில் அதை யாரும் மறைத்துப் பேசியதில்லை. சுரங்கப்பாதைக்குள் நுழையும்போது வானொலியை நிறுத்திவிடுவார். பாரவண்டி முந்தினால் ஓரமாக ஒதுங்கி, அது கண்ணிலிருந்து மறையும் வரை மெதுவாகப் போவார். இலையுதிர் காலத்தில் சாலையில் கிடக்கும் ஈர இலைகள்கூட அவருக்குக் கவலை. அவரோடு காரில் போவது சில வேளைகளில் மூச்சு முட்டுவதுபோல் இருக்கும். அவருடைய பயம் மெல்ல மெல்ல நமக்கும் தொற்றிவிடும்.

அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. இந்த நாட்டில் அவருடைய முதல் குளிர்காலத்தில், வேலை முடிந்தவர்களை ஹோட்டல் வான் ஒன்று கீழே கூர் நகரத்துக்குக் கொண்டுபோய் விடுமாம். ஒரு நாள் மாலிக்ஸ் கிராமத்துக்கு அருகே ஒரு வளைவில் அது வழுக்கியது. பலமுறை அவர் அதை எனக்குச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அதே சொற்களில். "வேகமாப் போய் மோதினதெண்டால் மறந்திருப்பன் பிள்ளை. அது நடக்கிற வேகத்திலைதான் போனது. டிரைவர் பிறேக்கை மிதிச்சுக்கொண்டு எங்களைத் திரும்பிப் பாக்கிறார். நாங்கள் அவரைப் பாக்கிறம். வாகனம் தன்ரை பாட்டிலை போகுது." வான் சாலையோரப் பள்ளத்தில் சரிந்தது. அவருக்கு அருகில் இருந்த போர்த்துக்கீசப் பெண்ணுக்கு முதுகெலும்பு முறிந்தது. அவள் பிறகு வேலைக்குத் திரும்பவில்லை. அந்த வானில் பனியில் பிடிப்புக் கொடுக்கும் குளிர்கால டயர் போட்டிருக்கவில்லை என்பது பிறகுதான் தெரியவந்ததாம்.

இங்கே குளிர்கால டயர் கட்டாயம் என்று சட்டம் இல்லை. சாலையின் நிலைமைக்கு ஏற்ப வாகனத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது ஓட்டுபவரின் பொறுப்பு, அவ்வளவுதான். அக்டோபரில் மாட்டி ஈஸ்டருக்குக் கழற்றுவது எல்லாரும் கடைப்பிடிக்கும் ஒரு வழக்கம். அத்தான் அந்த வழக்கத்தையும் நம்பவில்லை. மே மாதம் மாடுகள் மேய்ச்சலுக்கு ஏறத் தொடங்கிய பிறகுதான் அவருடைய கார் கோடை டயருக்கு மாறும்.

அந்த வருடம் ஈஸ்டர் முந்தியே வந்துவிட்டது. சூரிச்சுக்கு அருகேயுள்ள அட்லிஸ்வில்லில் இருந்து எங்கள் அண்ணை குடும்பத்தோடு வந்திருந்தார். வெய்யில் நன்றாக அடித்தது. கூரையிலிருந்து பனி உருகி நாள் முழுவதும் சொட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு எதிரே இருந்த புல்வெளியில் ஊதாப் பூக்கள் தலை நீட்டியிருந்தன. அக்கா நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். திருமணமாகிப் பல வருடங்களுக்குப் பிறகு தங்கிய பிள்ளை. அதற்கு முன்னர் ஒன்று ஐந்தாம் மாதத்தில் கலைந்து போயிருந்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. அண்ணை பொதிகள் விநியோகிக்கும் வான் ஓட்டுபவர். சாலையைப் பற்றிய எந்தப் பேச்சிலும் கடைசிச் சொல் தன்னுடையதாக இருக்கவேண்டும் என்று நினைப்பவர். அத்தானின் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் தொடங்கினார்.

"இன்னும் வின்ரர் ரயரோடையோ மச்சான் ஓடுறியள்? இந்த வெய்யிலுக்கை? சட்டத்திலையே இல்லை. சும்மா தேய்ச்சு முடிக்கிறியள்."

"சட்டத்திலை இல்லைத்தான்" என்றார் அத்தான். "ஆனால் வழுக்கிக்கொண்டு போய் ஆரையும் இடிச்சால், பிறகு ஏன் போடேல்லை எண்டுதான் கேப்பாங்கள்."

"இடிச்சால்தானே!"

எல்லாரும் சிரித்தோம். அக்கா சிரித்துக்கொண்டே, "நல்லாச் சொல்லுங்கோ அண்ணை. இவர் பிள்ளை பிறந்தாலும் அதுக்கும் பனிச்சப்பாத்துப் போட்டுத்தான் நடக்க விடுவார்" என்றாள். அத்தானும் சிரித்தார். அடுத்த வாரம் கூருக்குப் போய் டயர்களை மாற்றி, கழற்றியவற்றைப் பட்டறையிலேயே வைத்துவிட்டு வந்தார். வாசலில் நின்றபடியே, "உங்கட அண்ணைக்குச் சொல்லும், மாத்தியாச்சு எண்டு" என்று அக்காவிடம் சொன்னார். ஏதோ ஒரு பரீட்சையில் தேறியவர்போல அவர் முகம் இருந்தது. எனக்கு அது ஏனோ பிடிக்கவில்லை.

ஏப்ரல் நடுப்பகுதியில் ஒரு காலை. எழுந்து பார்த்தபோது கீழே நின்ற எங்கள் கார் அடையாளம் தெரியவில்லை. ஒரு வெள்ளை மேடாக இருந்தது. பனி இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. குளிர்காலப் பருவம் முடிந்து ஹோட்டல் மூடியிருந்ததால் மற்ற ஊழியர்கள் தங்கள் நாடுகளுக்குப் போய்விட்டார்கள். சமையலறையைக் கழுவித் துப்புரவாக்கும் வேலைக்காக அத்தான் மட்டும் நின்றிருந்தார். அந்தக் கட்டடத்தில் எங்கள் மூவரையும் தவிர வேறு யாரும் இல்லை. குளியலறையிலிருந்து அக்கா கூப்பிட்ட குரலிலேயே எனக்கு விளங்கிவிட்டது. நாள் வருவதற்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. ஆனால் பன்னீர்க்குடம் உடைந்துவிட்டது.

அத்தான் ஆம்புலன்ஸுக்குத் தொலைபேசி எடுத்தார். அவருடைய ஜெர்மன் பதற்றத்தில் குழறியது. நான் பக்கத்தில் நின்று சொற்களை எடுத்துக் கொடுத்தேன். கூரிலிருந்து வண்டி புறப்படும், ஆனால் மாலிக்ஸுக்குக் கீழே வாகனங்கள் குறுக்கே சிக்கி நிற்பதால் தாமதமாகும், தாயைப் படுக்க வைத்துவிட்டுக் காத்திருங்கள் என்று சொன்னார்கள். அக்கா கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"எவ்வளவு நேரமாம்?"

"சொல்லேலாதாம். கொஞ்சம் பொறும். வந்திடுவாங்கள்."

"போன முறையும் பொறுக்கத்தான் சொன்னவை" என்றாள் அக்கா. "காரை எடுங்கோ."

அத்தான் சாவியை எடுத்துக்கொண்டார். கீழே இறங்கிப் போனார். ஜன்னலால் பார்த்தேன். வெறுங்கையால் சக்கரத்தைச் சுற்றியிருந்த பனியைத் தள்ளினார். குனிந்து, வழக்கம்போல் விரலை உள்ளே விட்டார். பிறகு நிமிர்ந்து நின்றார். ஒரு டயரோடு நிறுத்திக்கொண்டார். மற்ற மூன்றையும் பார்க்கவில்லை.

நான் பின் இருக்கையில் அக்காவின் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். கிராமத்துக்குள் சாலை சமமாக இருந்ததால் கார் போனது. பனியை வழித்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆனால் அதன் மேல் புதிதாகப் பனி விழுந்து இறுகியிருந்தது. வெளியே ஒரு சத்தமும் இல்லை. அத்தான் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. கீழே உள்ள கூர்வால்டன் கிராமத்தை நோக்கிய இறக்கம் தொடங்கியதும் அவர் பிரேக்கில் காலை வைத்தார். சக்கரங்கள் நின்றன. கார் நிற்கவில்லை. அவர் சொன்ன அதே வேகம். நடக்கிற வேகம். ஸ்டியரிங்கை வலப்புறம் திருப்பினார். கார் அதைக் கேட்கவேயில்லை. சாலையோரத்து இரும்புத் தடுப்பு எங்களை நோக்கி மெல்ல வந்தது. அதற்கு அப்பால் மூடுபனியும், பனிக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் பைன் மரங்களின் நுனிகளும் மட்டும் தெரிந்தன. நுனிகள் தெரிகின்றன என்றால் மரங்கள் எவ்வளவு கீழே நிற்கின்றன என்று என் மனம் தேவையில்லாமல் யோசித்தது. வழித்து ஒதுக்கிய பனிக் குவியலில் காரின் மூக்குப் புதைந்து, ஒரு குலுக்கலோடு நின்றோம்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின்னால் எடுத்துத் திருப்பிக்கொண்டு தொடர்ந்து போயிருக்கலாம். அக்காவும் அதைத்தான் சொன்னாள். அத்தான் எஞ்சினை நிறுத்தினார். சாவியைக் கழற்றினார்.

"இனி நான் ஓடமாட்டன்."

"என்ன சொல்லுறியள்?"

"இனித்தான் பெரிய வளைவுகள் இருக்கு. இந்த ரயரோடை ஓடமாட்டன். பஸ் வரும். பனிக்குச் சில்லிலை சங்கிலி போட்டுக்கொண்டு வரும். மறிக்கிறன்."

அக்கா எழுந்து உட்கார முயன்றாள். அவள் அப்போது சொன்னதை இத்தனை வருடங்களுக்குப் பிறகும் என்னால் மறக்க முடியவில்லை. "உங்களுக்குப் பயம். உங்கட பயத்துக்கு நான் என்ரை பிள்ளையைக் குடுக்கவோ?"

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. "ஓம்" என்றார். "எனக்குப் பயம்தான்."

சொல்லிவிட்டு இறங்கினார். எச்சரிக்கை முக்கோணத்தை வளைவுக்கு மேலே கொண்டுபோய் வைத்தார். பிறகு சாலையின் நடுவில் போய் நின்றார். நாங்கள் அங்கே எவ்வளவு நேரம் நின்றோம் என்று எனக்குத் தெரியாது. கடிகாரத்தைப் பார்க்கப் பயந்தேன். அக்காவுக்கு வலி வந்து வந்து போனது. ஒவ்வொரு முறையும் என் மணிக்கட்டை இறுக்கினாள். பின் கண்ணாடியில் பனி படிந்து உள்ளே இருட்டியது. நான் அடிக்கடி கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டிப் பார்ப்பேன். அத்தானின் தலையிலும் தோளிலும் பனி ஏறிக்கொண்டிருந்தது. அவர் மேலே பார்த்தபடி அசையாமல் நின்றார். பேருந்து இன்று ஓடாவிட்டால்? ஆம்புலன்ஸ்காரர்கள் வீட்டுக்குப் போய் எங்களைத் தேடினால்? பிள்ளை இங்கேயே வந்துவிட்டால் நான் என்ன செய்வேன்? அக்காவின் கோபம் எனக்குள்ளும் ஏறியது. அந்த மனிதர் எங்களை இந்த மலையில் கைவிட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

முதலில் சங்கிலியின் சத்தம்தான் கேட்டது. பிறகு மூடுபனிக்குள்ளிருந்து, மலைக்கிராமங்களுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் தபால் துறைப் பேருந்தின் மஞ்சள் நிறம் வந்தது. அத்தான் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அதற்கு முன்னால் நின்றார். ஓட்டியவர் ஒரு பெண். கட்டையாக வெட்டிய தலைமயிர். காருக்குள் எட்டிப் பார்த்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எத்தனையாவது வாரம்?" நான் சொன்னேன். உடனே பேருந்தின் வயர்லெஸ்ஸில் ஆம்புலன்ஸோடு பேசினார். பயணிகள் சிலர் இறங்கி வந்து அக்காவைத் தாங்கி ஏற்றினார்கள். வயதான ஒருவர் தன் மேலங்கியைக் கழற்றி இருக்கையில் விரித்தார். அதன் பிறகு பேருந்து அவ்வளவு மெதுவாக, அவ்வளவு உறுதியாக இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் நான் மூச்சைப் பிடித்தேன். ஒரு வளைவில்கூட அது தடம் மாறவில்லை. அத்தான் அக்காவின் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தார். அவள் அவர் பக்கம் பார்க்கவில்லை.

மாலிக்ஸுக்குக் கீழே பேருந்தும் நிற்கவேண்டி வந்தது. கார்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. அவற்றுக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் நின்றது. பணியாளர்கள் படுக்கையைத் தூக்கிக்கொண்டு கார்களுக்கிடையே நடந்து வந்து அக்காவை ஏற்றிக்கொண்டு போனார்கள். நாங்கள் பின்னால் ஓடினோம். பாறைச் சுவரில் மோதிய ஒரு கறுப்புக் கார் அங்கே நின்றது. முன்பக்கம் முழுவதும் உள்ளே போயிருந்தது. அதன் ஓட்டுநர் போர்வை சுற்றி ஓரத்தில் உட்கார்ந்திருந்தான், கையில் இரத்தம். பின்னாலிருந்தும் ஏதோ இடித்ததில் அதன் காலியான பின் இருக்கையும் நசுங்கியிருந்தது. அத்தான் அந்தக் காரின் சக்கரத்தைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு ஓடினார். அக்கா அதைப் பார்க்கவில்லை, கண்களை மூடிக்கொண்டிருந்தாள். பின்னாளில் நான் சொன்னபோதும் பிள்ளையின் உடுப்புகளை மடித்துக்கொண்டேதான் கேட்டாள்.

மதியத்துக்கு முன் பெண் குழந்தை பிறந்தது. மிகவும் சிறியது. கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடந்தது. அதன் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே பல நாட்கள் கழிந்தன. அத்தான் உள்ளே போவதற்கு முன் கைகளை முழங்கை வரை திரும்பத் திரும்பக் கழுவுவார். தாதி போதும் என்று சொன்ன பிறகும் கழுவுவார். பிள்ளை தேறியது. மே மாதத்தில் வீட்டுக்கு வந்தது.

அதன் பிறகு அந்தக் காலை குடும்பத்தில் ஒரு கதையாகிவிட்டது. பிறந்தநாள், கோயில் திருவிழா, கலியாண வீடு என்று எங்கே கூடினாலும் அண்ணை அதை எடுப்பார். "மனுசிக்கு நோ வந்திட்டுது, இவர் காரை நடுரோட்டிலை விட்டிட்டு பஸ் மறிக்கிறார்!" எல்லாரும் சிரிப்பார்கள். அத்தானும் சிரிப்பார். அக்கா மட்டும் சிரிக்கமாட்டாள்; எழுந்து சமையலறைக்குள் போய்விடுவாள். மற்றவர்களின் சிரிப்பைவிட அதுதான் அவரைத் தைத்தது என்று நினைக்கிறேன். அவர்கள் நன்றாகத்தான் வாழ்ந்தார்கள். பிள்ளையை வளர்த்தார்கள். ஆனால் காரில் போகும்போது அக்கா பின் இருக்கையில் பிள்ளையோடுதான் உட்காருவாள். பிள்ளை பெரியவளாகி முன்னால் உட்காரத் தொடங்கிய பிறகும் அக்கா பின்னால்தான்.

நான் சில காலம் வார இறுதிகளில் அந்த ஹோட்டல் சமையலறையில் உதவி வேலை செய்தேன். ஒரு நாள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது, யாரும் கேட்காமலே அத்தான் பேசத் தொடங்கினார். "ரயரை மாத்தினது என்ரை பிழை. ஆர் கேட்டாலும் ஒத்துக்கொள்ளுவன். மற்றவை சிரிக்கினம் எண்டு மாத்தினனான். ஆனால் நிப்பாட்டினது பிழையில்லை பிள்ளை. இவையள் ரெண்டையும் ஒண்டாப் போட்டுக் கதைக்கினம்."

நான் அப்போது இளம்பெண். கேட்டுவிட்டேன்: "பஸ் வராமல் விட்டிருந்தால் அத்தான்?"

அவர் கத்தியைப் பலகையில் வைத்தார். "அதைத்தான் நானும் யோசிக்கிறனான்" என்றார்.

பேருந்து வந்ததால் அவர் சரி. வராமல் விட்டிருந்தால் அவர் குற்றவாளி. அன்று அவர் சாலையில் நின்றபோது இந்த இரண்டில் எது நடக்கும் என்று அவருக்குத் தெரியாது. காரோடு கீழே இறங்கிப் போயிருந்தாலும் அப்படித்தான். தன் பயத்தை நம்பலாமா கூடாதா என்று முடிவெடுக்க அவருக்கு இருந்தது, பனிக் குவியலில் கார் மோதிய அந்த ஒரு குலுக்கல் மட்டும்தான்.

அத்தான் இரண்டு வருடங்களுக்கு முன் இறந்துபோனார். இதயம். சாலையில் அல்ல, வீட்டில், நாற்காலியில் இருந்தபடி. அக்கா அட்லிஸ்வில்லுக்கு அண்ணை வீட்டுக்கு அருகே குடிபோய்விட்டாள். மகள் சூரிச்சில் படிக்கிறாள். நான் கூரில் இருக்கிறேன். வீடுகளுக்குப் போய் நோயாளர்களைக் கவனிக்கும் தாதி வேலை. மலைக்கிராமங்களுக்கு என் சொந்தக் காரில்தான் போய்வருகிறேன்.

இந்த ஏப்ரலில், ஈஸ்டர் முடிந்து டயர் மாற்றிய பிறகு, ஒரு காலையில் மழையில் புறப்பட்டேன். கூர்வால்டனில் தனியாக இருக்கும் ஒரு முதியவருக்குக் காலைச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடவேண்டும். கண் தெரியாதவர், தானே போட்டுக்கொள்ள முடியாது. மலை ஏற ஏற மழை கனத்தது. மாலிக்ஸை நெருங்கும்போது அது பனியாகிவிட்டது. ஒரு ஏற்றத்தில் முன்சக்கரம் சுழன்றது. கார் ஒரு சாண் அளவு பக்கவாட்டில் நகர்ந்தது. அவ்வளவுதான். எனக்கு முன்னால் போன கார்கள் எல்லாம் ஏறிப் போய்க்கொண்டிருந்தன. பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான். பேருந்துத் தரிப்பிடத்துக்கு அருகே ஒதுக்கி நிறுத்தினேன். மேற்பார்வையாளருக்குத் தொலைபேசி எடுத்து, கோடை டயரோடு இருக்கிறேன், இதற்கு மேல் ஓட்டமாட்டேன், பேருந்தில் போகிறேன் என்று சொன்னேன். சாலை திறந்துதான் இருக்கிறது, மற்றவர்கள் போய்விட்டார்களே என்றார் அவர். எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். ஜெர்மனில் அதைச் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது. தமிழில் சொல்லியிருப்பேனா தெரியாது. முதியவர் சாப்பிடாமல் காத்திருக்கும்படி தான் சொல்லிவிடுவதாக மேற்பார்வையாளர் சொன்னார்.

மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் இருந்தபோது அக்கா தொலைபேசி எடுத்தாள். மலையில் பனி என்று செய்தியில் கேட்டால் அவள் எப்போதும் எடுப்பாள்.

"எங்கை நிக்கிறாய்?"

"பஸ்ஸுக்கை இருக்கிறன் அக்கா. கண் தெரியாத ஒரு ஐயாவுக்கு இன்சுலின் ஊசி போடப் போறன். காரை மாலிக்ஸிலை விட்டிட்டன். ரயரை மாத்தினது பிழையாப் போச்சு. வழுக்கப் பாத்தது. பயந்து போனன்."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை.

"அப்ப அந்த மனுசனுக்கு ஊசி பிந்துமே?" என்றாள்.

"ஓம். பிந்தும்."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"பிந்தட்டும்" என்றாள் அக்கா.

கூர்வால்டனில் நான் இறங்கும் வரை இருவரும் தொலைபேசியை வைக்கவில்லை, பேசவும் இல்லை.